ஸ்பார்ட்டா ஏன் தேய்ந்தது? படையை நம்பிய நாடு நீடிக்குமா, கதவைத் திறந்து வைத்த நாடு நீடிக்குமா?

தென்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பண்டைய கிரேக்கம் பற்றிப் பேச்சு வந்தாலே ஸ்பார்ட்டாவைப் புகழ்வது வழக்கமாகிவிட்டது. ஏழு வயதில் பையனைத் தாயிடமிருந்து பிரித்துப் பயிற்சிக்கு அனுப்பிய ஊர், தெர்மோபிலேயில் 300 பேர் நின்று மடிந்த ஊர், மதில் கட்டிக்கொள்ளாத ஊர் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். அந்த ஊர் எப்படி முடிந்தது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. அதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

கணக்கைப் பாருங்கள். கி.மு. 480இல் ஸ்பார்ட்டாவில் சுமார் 8,000 முழுக் குடிமக்கள் இருந்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். மறு ஆண்டு பாரசீகருக்கு எதிரான பிளாட்டியா போர்க்களத்துக்கு அவர்களில் 5,000 பேர் போனார்கள். கி.மு. 371இல் லியூக்ட்ராவில் தீப்ஸ் படைக்கு எதிரே நின்ற முழுக் குடிமக்களோ ஏறத்தாழ 700 பேர். அன்று ஒரே நாளில் அவர்களில் 400 பேர் விழுந்தார்கள். மன்னன் கிளியோம்பிரோட்டஸும் விழுந்தான். அதற்குப் பிறகு ஸ்பார்ட்டா கிரேக்கத்தின் தலைமைக்குத் திரும்பவே இல்லை. 1,500 குதிரை வீரர்களையும் 30,000 காலாட்களையும் வைத்துக்கொள்ளப் போதுமான நிலம் இருந்தும் ஆட்கள் ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டார்கள், ஒரே அடியைத் தாங்க முடியாமல் அந்த நாடு ஆள் இல்லாமல் அழிந்தது என்கிறார் அரிஸ்டாட்டில்.

ஆட்கள் எங்கே போனார்கள்? கி.மு. 464 வாக்கில் வந்த நிலநடுக்கத்தில் நிறையப் பேர் இறந்தார்கள், உண்மைதான். ஆனால் ஒரு நிலநடுக்கத்தின் இழப்பை இரண்டு தலைமுறையில் ஈடுகட்டிவிடலாம். ஸ்பார்ட்டாவால் முடியாமல் போனதற்குக் காரணம் அதன் சட்டம். ஒவ்வொரு குடிமகனும் பொது உணவுக்கூடத்துக்கு மாதந்தோறும் பார்லி மாவு, திராட்சை மது, பாலாடைக்கட்டி, அத்திப்பழம் என்று தன் பங்கைச் செலுத்த வேண்டும். செலுத்த முடியாதவன் முழுக் குடிமகன் என்ற தகுதியை இழந்தான். நிலம் சில குடும்பங்களுக்குள் குவியக் குவிய, பங்கு கட்ட முடியாதவர்கள் பெருகினார்கள். போனவன் இடத்துக்கு வெளியிலிருந்து ஒருவன் வரவும் வழியில்லை. அதுவரை ஸ்பார்ட்டாவின் குடியுரிமை பெற்ற வெளியூர்க்காரர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான் என்கிறார் ஹெரோடோட்டஸ்: எலிஸ் நாட்டுக் குறிசொல்லி டிசமெனஸ், அவனுடைய சகோதரன். இரண்டே பேர்!

இவ்வளவு சிறிய கூட்டம் தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஹெலாட் அடிமைக் குடிகளை அடக்கி வைத்திருந்தது. பிளாட்டியாவுக்குப் போன ஒவ்வொரு ஸ்பார்ட்டனுக்கும் ஏழு ஹெலாட்டுகள் என்பது ஹெரோடோட்டஸ் தரும் கணக்கு. ஆண்டுதோறும் பதவியேற்கும் எபோர் அதிகாரிகள் அந்த ஹெலாட்டுகள் மீது முறைப்படி போர் அறிவிப்பார்கள். அப்போதுதான் அவர்களைக் கொன்றாலும் பாவம் சேராதாம். தன் வயலில் உழுபவன் மீதே ஆண்டுதோறும் போர் அறிவித்த ஒரு நாட்டை நாம் எதற்காகக் கொண்டாட வேண்டும்?

என் கருத்து இதுதான்: படைக்காகவே வாழும் சமூகம் புதியவர்களை உள்ளே விடாது, உள்ளே விடாத சமூகம் தேய்ந்து போகும். மறுப்பு உள்ளவர்கள் எழுதுங்கள்.

கரிசல் எழுதியது:

தென்கரை, உங்கள் எண்களில் குறையில்லை. அவற்றிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

நீடிப்பதுதான் அளவுகோல் என்றால் ஆண்டுகளை எண்ணுவோம். திறந்த சமூகம் என்றால் எல்லாரும் காட்டுவது ஏதென்ஸைத்தான். அதன் மக்களாட்சி, சீர்திருத்தத் தலைவர் கிளைஸ்தனிஸ் காலமான கி.மு. 508இல் தொடங்கி 322இல் முடிந்தது. 186 ஆண்டுகள். இடையில் 411இலும் 404இலும் இரண்டு முறை கவிழ்ந்தது. ஸ்பார்ட்டாவோ, ஏதென்ஸுடன் நடத்திய பெலொப்பொனேசியப் போர் முடியும் காலம்வரை நானூறு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாக ஒரே ஆட்சிமுறையில் இருந்தது என்று வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதுகிறார். அவர் ஏதென்ஸ்காரர், ஏதென்ஸின் தளபதியாக இருந்தவர். ஸ்பார்ட்டாவைப் புகழ வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

அந்தப் போரில் தோற்றது யார்? கி.மு. 404இல் ஏதென்ஸின் நெடுமதில்கள் குழலிசைக்கு நடுவே இடிக்கப்பட்டன. திறந்த சமூகம் பட்டினி கிடந்து சரணடைந்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். ஏதென்ஸ் திறந்திருக்க முடிந்ததே கப்பல்களால்தான். கி.மு. 483 வாக்கில் லாரியன் சுரங்கத்தில் வெள்ளி கிடைத்தபோது, ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சு எழுந்தது. தெமிஸ்டோக்கிளிஸ் அதைத் தடுத்துப் போர்க்கப்பல் கட்ட வைத்தார். அவை இல்லாவிட்டால் 480இல் பாரசீகரை வென்ற சலாமிஸ் கடற்போரும் இல்லை, மக்களாட்சியும் இல்லை. கடைசியில் அதை முடித்து வைத்ததும் ஒரு படை அரசுதான். 338இல் கைரோனியாவில் மாசிடோனியா வென்றது. 322இல் மாசிடோனியாவின் ஆன்டிபாட்டர், 2,000 டிராக்மா சொத்து இல்லாதவர்களுக்கு அரசியல் உரிமை கிடையாது என்று ஆணையிட்டார். ஆயிரக்கணக்கான ஏழைகள் ஒரே நாளில் வெளியே தள்ளப்பட்டார்கள். படை வலிமை குறைந்த இடத்தில் உரிமைகள் எத்தனை நாள் நிற்கும்?

நெய்தல் எழுதியது:

இரண்டு பேருமே ஏதென்ஸைத் திறந்த சமூகம் என்று வைத்துக்கொண்டே பேசுகிறீர்கள். எனக்கு அந்த இடமே உறுத்துகிறது.

கி.மு. 451இல் ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டப்படி தாய், தந்தை இருவரும் ஏதென்ஸ் குடிகளாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. கொள்ளைநோயில் அவருடைய மகன்கள் இறந்த பிறகு, மிலெட்டஸ் நகரத்துப் பெண்ணான அஸ்பேசியாவுக்குப் பிறந்த மகனைக் குடியாகச் சேர்க்கும்படி அவரே மக்களிடம் கெஞ்ச வேண்டி வந்தது. பெரிக்ளிஸுக்காகச் சட்டம் வளைந்தது. பிரேயஸ் துறைமுகத்தில் தலைமுறைகளாகத் தொழில் செய்த மற்ற வெளியூர்க்காரர்களுக்கு வளையவில்லை. அவர்கள் ஆண்டுக்கு 12 டிராக்மா தலைவரி கட்டினார்கள், படையில் சேர்ந்து போரிட்டார்கள், வாக்கு மட்டும் கிடையாது. பெண்களுக்கும் கிடையாது.

கரிசல் சொன்ன லாரியன் வெள்ளியை அடிமைகள்தான் தோண்டினார்கள். கி.மு. 413இல் ஸ்பார்ட்டா படை டெசெலியாவில் பாசறை அமைத்தபோது ஏதென்ஸிலிருந்து 20,000க்கும் மேற்பட்ட அடிமைகள் தப்பியோடினார்கள், அவர்களில் பெரும்பகுதியினர் கைத்தொழில் தெரிந்தவர்கள் என்கிறார் தூசிடிடீஸ். வாய்ப்புக் கிடைத்த உடனே அத்தனை பேர் ஓடிப்போன ஊரைத் திறந்த ஊர் என்று எப்படிச் சொல்வது? கி.மு. 416இல் மெலோஸ் தீவின் ஆண்களைக் கொன்று பெண்களையும் குழந்தைகளையும் விற்றதும் இதே மக்களாட்சிதான்.

ஒன்றை மட்டும் அதன் பெருமையாக ஒப்புக்கொள்கிறேன். 427இல் மிட்டிலீனி நகர ஆண்கள் எல்லாரையும் கொல்லும்படி அவை தீர்மானித்துக் கப்பலும் போய்விட்டது. மறுநாளே மக்கள் மனம் கலங்கி மீண்டும் கூடி விவாதித்துத் தீர்மானத்தை மாற்றினார்கள். இரண்டாவது கப்பலின் துடுப்புக்காரர்கள் துடுப்பை விடாமல் உணவு உண்டு, முறைவைத்துத் தூங்கி, கொலை தொடங்கும் முன் போய்ச் சேர்ந்தார்கள். அப்போதும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தலைமைக் குற்றவாளிகள் என்று கொல்லப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தென்கரை எழுதியது:

நெய்தல் அவர்களின் கேள்வி நியாயமானது. முதலில் கரிசலுக்குப் பதில் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன்.

நானூறு ஆண்டு என்கிறீர்கள். அந்த நானூறு ஆண்டு நின்றது ஆட்சியின் சட்டகம். இரண்டு மன்னர்கள், ஐந்து எபோர்கள், முதியோர் அவை என்று பதவிகள் அப்படியே இருந்தன. அந்தப் பதவிகளுக்குக் கீழே இருந்த மக்கள் கரைந்துகொண்டிருந்தார்கள். ஸ்பார்ட்டா ஏதென்ஸை வென்று ஏழெட்டு ஆண்டுகூட ஆகாத நேரத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை வரலாற்றாசிரியர் செனொபோன் பதிவு செய்திருக்கிறார். அவர் ஸ்பார்ட்டாவின் நண்பர், ஸ்பார்ட்டா கொடுத்த நிலத்தில் வாழ்ந்தவர். அதனால் இது எதிரி கட்டிய கதை என்று தள்ள முடியாது.

கினாடோன் என்று ஒரு இளைஞன். உடல்வலிமையும் துணிச்சலும் உள்ளவன். ஆனால் முழுக் குடிமக்களான 'சமமானவர்கள்' வரிசையில் அவன் இல்லை. அவன் சதி செய்கிறான் என்று ஒருவன் எபோர்களிடம் வந்து சொன்னான். எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். கினாடோன் தன்னைச் சந்தையின் ஓரத்துக்கு அழைத்துப் போய், அங்கே எத்தனை ஸ்பார்ட்டன்கள் இருக்கிறார்கள் என்று எண்ணச் சொன்னதாக அவன் பதில் சொன்னான். மன்னர், எபோர்கள், முதியவர்கள் எல்லாரையும் சேர்த்தால் சுமார் நாற்பது பேர். 'இவர்கள்தான் உன் எதிரிகள். சந்தையில் இருக்கும் மற்ற நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உன் கூட்டாளிகள்' என்றானாம் கினாடோன். ஹெலாட்டுகள், விடுவிக்கப்பட்டவர்கள், தகுதி குறைந்தவர்கள், சுற்றூர்க்காரர்கள் எல்லாருமே ஸ்பார்ட்டன்களைப் பச்சையாகத் தின்றுவிடக்கூடிய வெறுப்பில் இருக்கிறார்கள் என்றும் சொன்னானாம்.

எபோர்கள் அவனை ஊருக்குள் பிடிக்கவே பயந்தார்கள். ஏதோ அரசு வேலை என்று சொல்லி ஔலோன் என்ற வெளியூருக்கு அனுப்பி, அங்கே வைத்துக் கைது செய்தார்கள். எதற்காக இதைச் செய்தாய் என்று கேட்டபோது, 'இந்த நாட்டில் யாருக்கும் தாழ்ந்தவனாக இருக்கக்கூடாது என்பதற்காக' என்றான். கழுத்திலும் கைகளிலும் வளையம் பூட்டி, சாட்டையால் அடித்துக்கொண்டே அவனையும் கூட்டாளிகளையும் ஊரைச் சுற்றி இழுத்துப் போனார்கள்.

எனக்கு இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. அந்த ஊருக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆளும் இருந்தான். அரசு வேலைக்கு அனுப்பும் அளவுக்கு அவன் திறமையை எபோர்களே முன்பு பயன்படுத்தியிருக்கிறார்கள். அவன் கேட்டது சம இடம். அதைக் கொடுக்க மனம் வரவில்லை. அதிலிருந்து முப்பது ஆண்டு கூடக் கழியவில்லை, லியூக்ட்ராவில் நிற்க 700 பேர்தான் கிடைத்தார்கள்.

இனி நெய்தலுக்கு. ஏதென்ஸின் கதவு பாதிதான் திறந்திருந்தது என்பதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தப் பாதித் திறப்பே என்ன செய்தது பாருங்கள். நிலமில்லாத ஏழை துடுப்புப் போட்டான், அதனால் அவன் வாக்குக்கு மதிப்பு வந்தது. 404இல் ஸ்பார்ட்டாவின் ஆதரவோடு ஆட்சியைப் பிடித்த முப்பதின்மர் சுமார் 1,500 பேரைக் கொன்றார்கள். மறு ஆண்டே மக்கள் அவர்களை விரட்டினார்கள். அதன் பிறகு பழி தீர்க்கும் படலம் தொடங்கவில்லை. பழையதைக் கிளறக்கூடாது என்று சத்தியம் செய்து பொதுமன்னிப்பு அளித்தார்கள். 378இல் மீண்டும் ஒரு கடற்கூட்டணியைக் கட்டினார்கள். அதே அளவு அடி லியூக்ட்ராவில் விழுந்தபோது ஸ்பார்ட்டா எழவில்லை.

ஓலைச்சுவடி எழுதியது:

இழையைப் பொறுமையாகப் படித்தேன். ஏதென்ஸா ஸ்பார்ட்டாவா என்று நாம் கேட்பது போலவே அந்தக் காலத்திலும் கேட்டிருக்கிறார்கள். இரண்டுமில்லை என்று பதில் சொன்னவர் ஒரு ரோமப் பேரரசர்.

கி.பி. 48இல் கிளாடியஸ், கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுத் தலைவர்களை ரோம செனட்டில் சேர்க்க வேண்டும் என்று பேசினார். செனட்டர்கள் பலருக்கு எரிச்சல். நேற்றுவரை நம்மோடு போரிட்டவர்களின் பேரன்களா நம் பக்கத்தில் உட்காருவது என்றார்கள். டாசிட்டஸ் எழுதிய வடிவில் கிளாடியஸின் வாதம் இது: ஸ்பார்ட்டாவும் ஏதென்ஸும் போரில் அத்தனை வலிமையோடு இருந்தும் ஏன் அழிந்தன? தங்களிடம் தோற்றவர்களை அந்நியர் என்று ஒதுக்கி வைத்ததுதான் காரணம். அவர் பேச்சின் ஒரு பகுதி வெண்கலத் தகட்டில் பொறிக்கப்பட்டு 1528இல் லியோன் நகரில் கிடைத்தது. ஆக, அவர் அந்தப் பேச்சைப் பேசினார் என்பதில் ஐயம் இல்லை.

இதைவிட எனக்கு முக்கியமான சான்று ரோமின் ஓர் எதிரியிடமிருந்து வருகிறது. மாசிடோனியாவின் ஐந்தாம் பிலிப், தெசலி நாட்டு லாரிசா நகரத்துக்கு எழுதிய கடிதங்கள் கல்வெட்டில் இருக்கின்றன. மக்கள்தொகை குறைந்த ஊர் அது. அங்கே குடியிருக்கும் தெசலியரையும் மற்ற கிரேக்கரையும் குடிமக்களாகச் சேர்க்கச் சொன்னார். ஊரார் சேர்த்துவிட்டுப் பிறகு பெயர்களை அழித்துவிட்டார்கள். பிலிப் மறுபடியும் எழுதினார்: ரோமர்களைப் பாருங்கள், அடிமைகளை விடுவித்தால்கூட அவர்களைக் குடிகளாக்கி அரசுப் பதவிகளிலும் பங்கு கொடுக்கிறார்கள், அதனால்தான் ஏறத்தாழ 70 இடங்களில் குடியேற்றம் அமைக்க அவர்களால் முடிந்தது என்று. பதவி பற்றி அவர் சொன்னது சற்று மிகை. விடுவிக்கப்பட்டவனின் மகனுக்குத்தான் பொதுவாக அந்த வழி திறந்தது. ஆனால் அவர் பார்த்த திசை சரியானது.

அந்தக் கடிதத்தின் காலத்தைக் கவனியுங்கள். ரோமோடு போரிட்ட கார்தேஜ் தளபதி ஹனிபல் இத்தாலிக்குள் இருந்த காலம் அது. கி.மு. 216இல் கன்னேயில் ஒரே நாளில் சுமார் 48,000 பேர் மாண்டதாக லிவி கணக்கிடுகிறார். லியூக்ட்ராவில் 400 பேர் போனதும் ஸ்பார்ட்டா முடிந்தது. கன்னேக்குப் பிறகு ரோம் என்ன செய்தது? 8,000 அடிமைகளை அரசு விலை கொடுத்து வாங்கி ஆயுதம் கொடுத்தது. 214இல் பெனெவென்டம் அருகே அவர்கள் வெற்றி தேடித் தந்தபோது தளபதி கிராக்கஸ் எல்லாரையும் சுதந்திரர் என்று அறிவித்தார். ரோமும் கூட்டாளி நகரங்களும் சேர்ந்து 7 லட்சத்துக்கும் அதிகமான காலாட்களையும் 70,000 குதிரை வீரர்களையும் திரட்டக்கூடிய நிலையில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இருந்ததாக பொலிபியஸ் எழுதுகிறார். ஹனிபலின் போர்த்திறனை அந்த எண்ணிக்கைதான் தோற்கடித்தது.

கரிசல் எழுதியது:

ஐயா, லாரிசா கடிதம் பற்றி இப்போதுதான் அறிகிறேன், மிக்க நன்றி. ஆனால் இது தென்கரையின் முதல் வாக்கியத்தையே உடைக்கிறதே! படைக்காக வாழும் சமூகம் புதியவர்களை உள்ளே விடாது என்றார். ரோமைவிடப் படைவெறி பிடித்த அரசு எது? சமாதான காலத்தில் மட்டும் மூடப்படும் ஜேனஸ் கோயில் கதவு, நூமா மன்னன் காலத்துக்கும் அகஸ்டஸுக்கும் இடையில் கி.மு. 235 வாக்கில் ஒரே ஒரு முறைதான் மூடப்பட்டதாக அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

அந்தக் குடியுரிமையும் தானாக வரவில்லை. இத்தாலியக் கூட்டாளிகள் தலைமுறை தலைமுறையாக ரோமுக்காகச் செத்துவிட்டு, உரிமை கேட்டுக் கேட்டு அலுத்து, கி.மு. 91இல் ஆயுதம் எடுத்தார்கள். அவர்கள் அச்சடித்த காசில் இத்தாலியக் காளை ரோம ஓநாயைக் கொம்பால் குத்துகிறது. மறு ஆண்டுதான் சட்டம் வந்தது.

பிரஷ்யாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1685இல் பிரான்ஸ் விரட்டிய ஹியூகெனாட்டுகளை (பிரெஞ்சு புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களை) போட்ஸ்டாம் அரசாணை மூலம் வரவேற்றது பிராண்டன்பர்க்-பிரஷ்யா. ஏறத்தாழ 20,000 பேர் வந்தார்கள். அவர்களுக்கு நிலமும் வரிச்சலுகையும் கொடுத்த அதே அரசுதான் ஐரோப்பாவின் மிகக் கடுமையான படையையும் வளர்த்தது. இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க முடியும். ஆகவே திறந்த சமூகம் ஒருபுறம், படைச் சமூகம் மறுபுறம் என்று தராசில் வைப்பதே தவறு.

வைகறை எழுதியது:

ஒரு சிறு குறிப்பு. வெனிஸ் குடியரசு 1297இல் தன் பேரவையைச் சில குடும்பங்களுக்குள் பூட்டிக்கொண்டது. அதன் பிறகும் 500 ஆண்டுகள் நின்றது. 1797 மே 12இல் நெப்போலியனுக்குப் பயந்து அந்தப் பேரவையே தன்னைக் கலைத்துக்கொண்டது. மூடிய அமைப்பு, நீண்ட ஆயுள். இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

ஓலைச்சுவடி எழுதியது:

வைகறை, வெனிஸ் பூட்டியது உண்மை. ஆனால் சாவியைத் தூக்கி எறியவில்லை. ஜெனோவாவுடன் நடந்த கியோஜியா போரில் பணமும் ஆளும் தந்த 30 குடும்பங்களை 1381இல் உள்ளே சேர்த்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் கிரீட் தீவுக்கான போரின்போது 1,00,000 டுகாட் கொடுத்தவர்களுக்கும் இடம் கிடைத்தது. விலைக்கு விற்றது அழகான செயல் அல்ல. இருந்தாலும் ஸ்பார்ட்டா அதைக்கூடச் செய்யவில்லை.

நெய்தல் எழுதியது:

தென்கரை 403ஆம் ஆண்டின் பொதுமன்னிப்பைப் பெருமையாகச் சொன்னார். அதே ஆண்டில் நடந்த மற்றொன்றையும் சொல்ல விரும்புகிறேன்.

லைசியஸ் என்ற பேச்சாசிரியர். அவருடைய தந்தை சிராக்யூஸிலிருந்து வந்து குடியேறியவர். குடும்பத்துக்குக் கேடயம் செய்யும் தொழிற்கூடம் இருந்தது. முப்பதின்மர் அதைச் சூறையாடி 700 கேடயங்களையும் 120 அடிமைகளையும் பறித்தார்கள். அண்ணன் போலமார்க்கஸை விசாரணையே இல்லாமல் நஞ்சு குடிக்க வைத்துக் கொன்றார்கள். தப்பியோடிய லைசியஸ், மக்களாட்சிக்காகப் போராடியவர்களுக்குப் பணமும் கேடயங்களும் அனுப்பினார். அவரைப் போலவே பல வெளியூர்க்காரர்களும் அடிமைகளும் பிரேயஸில் நின்று போரிட்டார்கள். வென்ற பிறகு மக்களாட்சித் தரப்பின் தலைவர் திராசிபுலஸ் அவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க முன்மொழிந்தார். அர்கினஸ் என்பவர் அது முறைப்படி கொண்டுவரப்படவில்லை என்று வழக்குப் போட்டுத் தடுத்தார். பெரிக்ளிஸின் பழைய சட்டமும் அப்போது மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. பின்னாளில் சிலருக்குச் சலுகைகள் கிடைத்தன. லைசியஸ் கடைசிவரை குடிமகன் ஆகவில்லை.

ரோமோடு ஒப்பிட்டால் ஏதென்ஸ் தவறவிட்டது இந்த நாளைத்தான். தங்களுக்காக உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கே நன்றி காட்டாத ஊர், பேரரசு கட்டியபோது கூட்டாளிகளையா சமமாக நடத்தியிருக்கும்? கிளாடியஸ் ஏதென்ஸையும் ஸ்பார்ட்டாவையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்ததில் எனக்கு வியப்பில்லை.

வைகறை எழுதியது:

ஒரு கேள்வி. இவ்வளவு தெளிவாகத் தெரிந்த நோய்க்கு ஸ்பார்ட்டாவில் யாருமே மருந்து தேடவில்லையா?

தென்கரை எழுதியது:

தேடினார்கள், மிகத் தாமதமாக. கி.மு. 244 வாக்கில் நான்காம் ஏஜிஸ் மன்னனானபோது முழுக் குடிமக்களில் மிஞ்சியவர்கள் 700 பேர். அவர்களில் நிலம் உள்ளவர்கள் சுமார் 100 பேர் என்கிறார் புளூட்டார்க். கடனை ரத்து செய்து, நிலத்தைப் பகிர்ந்து, சுற்றூர்க்காரர்களையும் தகுதியுள்ள வெளியூர்க்காரர்களையும் சேர்க்க ஏஜிஸ் திட்டமிட்டான். 241இல் அவனையும் தாயையும் பாட்டியையும் கொன்றார்கள். அடுத்து மூன்றாம் கிளியோமினஸ். 227இல் எதிர்த்த எபோர்களைக் கொன்றுவிட்டுச் சுற்றூர்க்காரர்களைச் சேர்த்து 4,000 காலாட்களை உருவாக்கினான். ஐந்து மினா கட்டிய 6,000 ஹெலாட்டுகளை விடுவித்தான். ஸ்பார்ட்டா மீண்டும் அண்டை நாடுகளை நடுங்க வைத்தது. ஐந்தே ஆண்டுதான். 222இல் செல்லாசியாவில் மாசிடோனியா அந்தப் படையை நொறுக்கியது. பிறகு நபிஸ் மேலும் பல ஹெலாட்டுகளை விடுவித்து நிலம் கொடுத்தான். 192இல் அவனும் கொலையுண்டான். 188இல் அக்கேய கூட்டமைப்பின் பிலோபெமன் ஸ்பார்ட்டா பிற்காலத்தில் கட்டிக்கொண்ட மதிலை இடித்து, புதிய குடிகளை வெளியேற்றினான். போக மறுத்த 3,000 பேரை அடிமைகளாக விற்று, அந்தப் பணத்தில் மெகலோபொலிஸ் நகரில் ஒரு மண்டபம் கட்டினார்கள்.

கரிசல் என் முதல் வாக்கியத்தைப் பிடித்தது சரி. ரோமைப் பார்த்த பிறகு நான் அதை இப்படிச் சொல்வேன்: படை இருப்பதால் ஒரு நாடு தேய்வதில்லை, படையில் நிற்பவனுக்கு ஊரில் இடம் மறுப்பதால் தேய்கிறது.

கரிசல் எழுதியது:

அந்த வடிவில் என்றால் பெரும்பகுதி உடன்படுகிறேன். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கிளியோமினஸ் கதவைத் திறந்தான், எபோர்களைக் கொன்றுதான் திறந்தான், திறந்த பிறகும் செல்லாசியாவில் தோற்றான். வலிமையான அண்டை நாடு இருக்கும்போது திறப்பு மட்டும் காப்பாற்றாது. ரோம் ஆரம்பத்திலேயே திறந்ததால் பலன் பெற்றதா, அல்லது வென்றுகொண்டே இருந்ததால் திறக்கும் துணிவு வந்ததா? கி.மு. 338இல் லத்தீன் நகரங்களை வென்ற கையோடு அவற்றில் பலவற்றுக்கு ரோம் குடியுரிமை கொடுத்த வரலாற்றை ஓலைச்சுவடி ஐயா விரிவாக எழுதினால், அங்கிருந்து இந்தக் கேள்வியைத் தொடரலாம்.